உடலுக்குள் ஒளியும் ஒலியும்



ஒளி, ஒலி என்னும் இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன் நான். இந்த ளகரத்தையும் லகரத்தையும் மாற்றி எழுதிய விடைத்தாள்களில் எத்தனை முறை சிவப்பு மையால் வட்டமிட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. 'ஒலி கண்ணாடியில் பட்டுப் பிம்பம் உண்டாகிறது' என்று ஒருவன் எழுதுவான்; 'ஒளி நம் காதில் விழுகிறது' என்று மற்றொருவன் எழுதுவான். இரண்டாவது மாணவனின் விடைத்தாள் இன்று என் கையில் கிடைத்தால், வட்டமிடுவதற்கு முன் சற்றே தயங்குவேன். ஏனெனில், ஒளியை உடலுக்குள் செலுத்தி, அது எழுப்பும் ஒலியைக் கேட்டு, உள்ளே இருப்பதைப் படமாக வரையும் கருவிகள் இப்போது மருத்துவமனைகளுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. அந்தப் படம் மெய்யான படமாக இருக்க விஞ்ஞானிகள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இக்கதையின் தொடக்கம் 1880ஆம் ஆண்டில் இருக்கிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தம் உதவியாளர் டெயின்டருடன் வாஷிங்டன் நகரில் ஒளிக்கற்றையின் வழியே பேச்சை அனுப்ப முயன்றுகொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சியின் ஊடே அவர் ஒரு புதுமையைக் கண்டார். துளைகள் இட்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றிச் சூரிய ஒளியை விட்டுவிட்டு ஒரு பொருளின்மேல் விழச் செய்தால், அந்தப் பொருளிலிருந்து மெல்லிய ஒலி எழுந்தது. ஒளியை உண்ட பொருள் சிறிதே சூடாகி விரிகிறது. ஒளி நின்றவுடன் குளிர்ந்து சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் காற்றை அசைக்க, ஒலி பிறக்கிறது. அவர் சோதித்த பொருள்களுள் விளக்குக்கரி முதலிய கரிய பொருள்கள் மிக உரக்க ஒலித்தன. கருமையான பொருள் ஒளியை மிகுதியாக உண்ணும். ஆகவே மிகுதியாக ஒலிக்கும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

பெல் சூரிய ஒளியைக் கொண்டு செய்ததை இன்றைய விஞ்ஞானிகள் லேசர் ஒளியைக் கொண்டு செய்கிறார்கள். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோ விநாடி. சில நானோ விநாடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பைத் தோலின்மேல் பாய்ச்சுகிறார்கள். கண்ணுக்குப் புலனாகும் சிவப்பை ஒட்டியும் அதற்கு அப்பாலும் உள்ள இந்த ஒளி, தோலையும் தசையையும் ஊடுருவிச் சில சென்டிமீட்டர் ஆழம் வரை செல்லும். வழியில் இரத்தம் அதை உண்ணும். அதனால் ஏறும் வெப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். நோயாளிக்கு அது உறைக்கவே உறைக்காது. எனினும் அந்த அற்ப வெப்பமே, காற்று மண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு ஓர் அழுத்தத்தை உண்டாக்கிவிடுகிறது. அந்த அழுத்தம் ஒலி அலையாகப் பரவி உடலின் மேற்பரப்புக்கு வருகிறது. மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியைக் கேட்பதற்கு, மருத்துவர் கையில் பிடித்திருக்கும் கருவியில் வில்போல் வளைந்த வரிசையாகச் சிற்றுணரிகள் பதிக்கப்பட்டிருக்கும். சில கருவிகளில் அவற்றின் எண்ணிக்கை 256.

இதனால் பயன் என்ன? எக்ஸ்ரே கதிர் வேண்டுவதில்லை; ஊசி குத்த வேண்டுவதில்லை. பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் ஒளியின் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவில் உண்பதால், இரத்தம் எங்கே இருக்கிறது என்பதோடு, அதில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணிக்கலாம். ஜெர்மனியில் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இக்கருவியை வயிற்றின்மேல் வைத்து, குரோன் நோய் என்னும் குடல் அழற்சி தணிந்திருக்கிறதா, மூண்டிருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. சிறுவர்களின் தசைகளைச் சிறுகச் சிறுக அழிக்கும் டுஷேன் என்னும் பரம்பரை நோயில், தசை இருந்த இடத்தில் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் சேர்வதை இம்முறையால் அளக்கலாம் என்று 2019இல் காட்டினார்கள். மார்பகக் கட்டிகளை ஆராய்வதற்கான இத்தகைய கருவி ஒன்றுக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2021 ஜனவரியில் அனுமதி அளித்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். நிழற்படக் கருவி காட்சியை அப்படியே பதித்துக்கொள்கிறது. ஒளியொலிக் கருவி அவ்வாறு எதையும் பதிப்பதில்லை. எந்த உணரிக்கு எந்தக் கணத்தில் எவ்வளவு ஒலி வந்தது என்னும் எண்களே அதற்குக் கிடைக்கின்றன. அந்த எண்களிலிருந்து, இன்ன இடத்தில் இன்ன பொருள் இருந்திருக்க வேண்டும் என்று கணிப்பொறி பின்னோக்கிக் கணிக்கிறது. திரையில் நாம் பார்ப்பது ஒரு கணக்கின் விடை. கணக்குப் போடுவதற்குச் சிலவற்றை நாம் முன்கூட்டியே உண்மை என்று கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படிக் கொண்டவற்றுள் ஒன்று பிழையானால், விடையும் பிழையாகும்.

இதை ஒரு மாணவன் எனக்கு உணர்த்தினான். நான் ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், மேல் வகுப்பு மாணவர்களைப் பள்ளிக்கு அருகில் இருந்த ஓர் ஆழமான கிணற்றுக்கு அழைத்துச் சென்றேன். கல்லைப் போட்டு, தண்ணீரில் அது விழும் ஓசை கேட்கும் வரை நேரத்தைக் கணக்கிட்டு, ஆழத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. பத்து முறை கல்லைப் போட்டார்கள். சராசரி நேரம் 2.08 விநாடி. கணக்கிட்டதில் ஆழம் 21.2 மீட்டர் என்று வந்தது. பிறகு கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி அளந்தார்கள். கயிறு 20 மீட்டர் என்றது. கயிற்றைப் பிடித்திருந்த பையனைக் கவனம் போதாது என்று கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்து நின்றான். சிறிது நேரம் கழித்து, "சார், சத்தம் மேலே வந்து சேர நேரம் ஆகாதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

நான் வாயடைத்துப் போனேன். கல் தண்ணீரைத் தொட்டவுடனே ஓசையும் நம் காதைத் தொடுகிறது என்று நானே எண்ணிவிட்டேன். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 20 மீட்டர் மேலே வர அதற்கு 0.06 விநாடி ஆகும். அதைக் கழித்துக் கணக்கிட்டால் 20 மீட்டர் சரியாக வந்துவிடுகிறது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தோமே, அதனால் பயன் உண்டாயிற்றா? கை தடுமாறுவதால் வரும் பிழை சராசரியில் தேய்ந்துவிடும். கருத்தில் இருக்கும் பிழையோ நூறு முறை அளந்தாலும் அப்படியே நிற்கும். அன்று வகுப்பின் முன்னிலையில் அந்தப் பையனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன்.

ஒளியொலிப் படத்தில் உள்ள முதல் இடர்ப்பாடு, கிணற்றில் நாங்கள் கண்ட அதே இடர்ப்பாடுதான். ஒளி உடலுக்குள் சென்று சேரும் நேரத்தைப் புறக்கணிக்கலாம்; அது அத்தனை விரைவானது. ஒலி மேலே வரும் நேரத்தைப் புறக்கணிக்க இயலாது. படமே அதைக் கொண்டுதான் வரையப்படுகிறது. உடலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1540 மீட்டர் என்று பொதுவாகக் கொள்வார்கள். ஆனால் கொழுப்பில் அது ஏறத்தாழ 1450 மீட்டர்தான். தசையில் 1540ஐ விடச் சற்று மிகுதி. நான்கு சென்டிமீட்டர் கொழுப்புக்கு அடியில் ஓர் இரத்தக் குழாய் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 1540 என்று கணக்கிட்டால், அந்தக் குழாய் இரண்டரை மில்லிமீட்டர் கூடுதல் ஆழத்தில் இருப்பதாகப் படம் காட்டும். இடம் மாறுவதோடு தீங்கு முடிவதில்லை. பல உணரிகள் கேட்ட ஒலிகள் ஒரே புள்ளியில் வந்து கூட வேண்டியவை, கூடாமல் சிதறிவிடும். புள்ளியாகத் தெரிய வேண்டியது பிறைபோல் வளைந்து மங்கும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குழாய்கள் ஒன்றாகத் தோன்றும்.

இதற்குப் பரிகாரம், எல்லா மனிதருக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தாமல் இருப்பது. வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக் கணக்கிட்டு, எந்த வேகத்தில் படம் மிகக் கூர்மையாகிறதோ அதை அந்த நோயாளிக்கு உரியதாகக் கொள்ளலாம். கருவிக்கும் தோலுக்கும் இடையே உள்ள நீர்ப்பொருளுக்கு ஒரு வேகம், உடலுக்கு மற்றொரு வேகம் என்று பிரித்தும் கணக்கிடலாம்.

இரண்டாவது இடர்ப்பாடு ஒளியைப் பற்றியது. ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும் பெண்கள், கடை விளக்கை நம்பாமல், புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். பொருளின் நிறத்தை அறிய வேண்டுமானால், அதன்மேல் விழும் ஒளி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். உடலுக்குள் இருக்கும் இரத்தக் குழாயை வாசலுக்குக் கொண்டுவர முடியாது. மேலிருந்து இறங்கும் ஒளி வழிநெடுகச் சிதறிக் குறைகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைவதாகக் கொண்டால், மூன்றாவது சென்டிமீட்டரில் இருபத்தேழில் ஒரு பங்கே எஞ்சும். ஆழத்தில் இருக்கும் இரத்தம் மெல்ல ஒலிப்பதைக் கேட்டு, அங்கே இரத்தம் குறைவு என்று முடிவு செய்வது தவறல்லவா? மேலும் எல்லா நிறங்களும் ஒரே அளவில் குறைவதில்லை. மேலே இருக்கும் இரத்தம் ஒரு நிறத்தை மிகுதியாக உண்டுவிட்டால், கீழே இருக்கும் இரத்தத்துக்கு மாறிய நிறமே போய்ச் சேருகிறது. அதனால் பிராணவாயுக் கணக்கும் பிசகும். ஒளியைக் கூட்டிவிடலாமே என்பீர்கள். தோலுக்கு ஊறு நேராதபடி எவ்வளவு லேசர் ஒளி பாய்ச்சலாம் என்பதற்குச் சர்வதேச வரம்பு உண்டு. அதை மீற முடியாது. ஆகவே, ஒளி உடலுக்குள் எவ்வாறு பரவுகிறது என்பதையும் கணக்கிட்டு, ஒவ்வோர் ஆழத்துக்கும் உரிய திருத்தத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது இடர்ப்பாடு, ஒலியை ஒரு பக்கத்திலிருந்தே கேட்பது. உடலைச் சுற்றிலும் உணரிகளை வைக்க முடிந்தால் நல்லது. கையில் பிடிக்கும் கருவியோ ஒரு பக்கத்தில்தான் இருக்கும். நீண்ட குழாயின் ஒலி பெரும்பாலும் அதன் பக்கவாட்டில்தான் செல்லும். கருவிக்கு இணையாகப் படுத்திருக்கும் குழாய் தெளிவாகத் தெரியும். கருவியை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் குழாயின் ஒலி இருபுறமும் விலகிச் சென்றுவிடும்; படத்தில் அது மங்கும், அல்லது காணாமலே போகும். படத்தில் இல்லை என்பதனால் உடலில் இல்லை என்று ஆகிவிடாது. உணரிகளை நேர்க்கோட்டில் வைக்காமல் வில்லாக வளைத்து வைப்பதன் காரணம் இதுவே.

உணரிகளுக்கு வேறொரு குறையும் உண்டு. சிறிய டிரான்சிஸ்டர் வானொலியில் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும்: மிருதங்கத்தின் வலந்தலை நன்றாகக் கேட்கும், தொப்பியின் கனத்த நாதம் காணாமல் போய்விடும். உணரிகளும் எல்லாச் சுருதிகளையும் ஒன்றுபோல் கேட்பதில்லை. சிறிய குழாய்கள் உயர்ந்த சுருதியிலும், பெரிய பொருள்கள் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கின்றன. தாழ்ந்த சுருதி கேட்காத உணரிக்குப் பெரிய பொருளின் விளிம்பு மட்டுமே தெரியும். நடுப்பகுதி வெறுமையாகத் தோன்றும். எனவே ஒவ்வோர் உணரியின் இயல்பையும் முன்னதாக அளந்து, அதையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

மருத்துவரின் கையும் ஒரு காரணம். வெவ்வேறு நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்ச்சப்படுகின்றன. இடையே கை அசைந்தாலும், நோயாளி மூச்சு விட்டாலும், முதல் நிறம் ஓர் இடத்தையும் அடுத்த நிறம் மற்றோர் இடத்தையும் காட்டும். கருவியைச் சற்று அழுத்தினால் மேலோட்டமான சிரைகள் நசுங்கி இரத்தம் வெளியேறிவிடும். இல்லாத இரத்தக்குறைவு படத்தில் தோன்றும். டுஷேன் நோயால் வாடும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். மருந்து கொடுத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் அளக்கிறார்கள். படத்தில் தெரியும் மாறுதல் மருந்தினால் வந்ததா, கருவியைப் பிடித்த விதத்தினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாவிட்டால், பயன் தராத மருந்தைத் தொடர்வார்கள். அல்லது பயன் தரும் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

இப்போது பெல் கண்ட விளக்குக்கரிக்குத் திரும்புவோம். நம் தோலுக்கு நிறத்தைத் தருவது மெலனின் என்னும் பொருள். கரிய தோலில் அது மிகுதி. அது ஒளியைத் தோலிலேயே உண்டு உரக்க ஒலிக்கிறது. உள்ளே செல்லும் ஒளி குறைகிறது. தோலில் எழுந்த பேரொலி உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்பி, இல்லாத உருவங்களைப் படத்தில் வரைகிறது. வெளிறிய தோல் உள்ளவர்களையே பெரும்பாலும் வைத்துச் சோதித்த கருவி, நம்மைப் போன்ற மாநிறத்தாரிடமும் கருநிறத்தாரிடமும் அதே மெய்யைப் பேசும் என்று கொள்ள முடியாது.

இது வீண் ஐயம் அன்று. 2021இல் கொரோனா நோய் பரவிய காலத்தில், விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி பல வீடுகளில் இருந்தது. என் மனைவி நோயுற்றிருந்தபோது, நாள்தோறும் மூன்று வேளை அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். 94 என்று காட்டினால் மனம் ஆறுதலடையும். அந்தக் கருவியும் தோலின் ஊடே ஒளியைச் செலுத்தியே அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இரத்தத்தையே எடுத்துச் சோதித்து அக்கருவியோடு ஒப்பிட்டிருந்தது. கருவி நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க, உண்மையில் பிராணவாயு அபாய அளவுக்குக் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக இருந்ததென்று அது கூறியது. இதைப் பின்னர் படித்தபோது அந்த நோட்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். என் மனைவி நலமடைந்துவிட்டாள். ஆயினும், அன்று நான் நம்பியிருந்த எண்ணுக்குப் பின்னால் யாருடைய தோலை வைத்துச் செய்த கணக்கு இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஒளியொலிக் கருவிகளில் இதே பிழை நேராதிருக்க, பல நிறத் தோல்களைப் போல் மெலனின் அளவை மாற்றி அமைத்த போலித் திசுக்களைச் செய்து சோதிக்கிறார்கள். போலித் திசுவில் எது எங்கே எவ்வளவு இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும். படம் அதையே சொல்கிறதா என்று சரிபார்க்கலாம். எங்கள் கிணற்றில் இறக்கிய கயிற்றைப் போன்றது அது.

இவ்வளவு திருத்தங்களையும் சேர்த்துக் கணக்கிடலாம். கணிப்பொறி ஒரு படத்தை உத்தேசமாக வரைந்து, அந்தப் படம் உண்மையானால் உணரிகளுக்கு என்ன ஒலி கேட்டிருக்கும் என்று கணித்து, கேட்ட ஒலியோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் வரை மீண்டும் மீண்டும் திருத்தும். இம்முறை துல்லியமானது, ஆனால் மெதுவானது. மருத்துவரோ கருவியை நகர்த்தும்போதே படத்தைப் பார்க்க விரும்புகிறார். இதற்கு ஒரு வழியை ஜெர்மனியின் மியூனிக் நகர ஆராய்ச்சியாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். டீப்எம்பி என்பது அதன் பெயர். மெதுவான முறை தரும் விடையைப் போன்ற விடையை உடனுக்குடன் தரும்படி ஒரு செயற்கை நரம்பு வலையைப் பழக்கினார்கள். ஒரு படத்துக்கு அது எடுத்துக்கொள்ளும் நேரம் 31 மில்லி விநாடி. ஒலியின் வேகத்தை நோயாளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும் அதில் இடம் உண்டு.

அதைப் பழக்கிய விதம்தான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. மனித உடலின் படங்களை மட்டுமே காட்டிப் பழக்கினால், இங்கே குழாய் இருப்பதுதானே வழக்கம் என்று வலை தானாகவே ஒரு குழாயை வரைந்துவிடக்கூடும். விடையை மனப்பாடம் செய்துவந்த மாணவன் வினாவைப் படிக்காமல் எழுதுவதைப் போன்றது அது. ஆகவே அவர்கள் உலகத்துச் சாதாரணப் புகைப்படங்களையே எடுத்துக்கொண்டு, அவை ஒலித்தால் உணரிகளுக்கு என்ன கேட்கும் என்று கணித்து, அவற்றைக் கொண்டு பழக்கினார்கள். உடலின் அமைப்பை முன்னரே அறியாததனால், கேட்ட ஒலியை மட்டுமே நம்பி அது படம் வரைய வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள். சிலர் இத்தகைய கருவிகளைச் செய்யும் எஞ்சினியர் ஆவீர்கள். எல்லோருமே ஒரு நாள் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ திரையின் முன் நிற்பீர்கள். படம் வண்ணமயமாகவும் தெளிவாகவும் இருக்கிறதென்று அதை உடனே நம்பிவிடாதீர்கள். இதை வரைவதற்கு எவற்றை உண்மை என்று கொண்டார்கள், அவை இந்த நோயாளிக்கும் பொருந்துமா, எந்தக் கயிற்றைக் கொண்டு சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது கருவியை இகழ்வதாகாது. ஒலியின் வேகம், ஒளியின் தேய்வு, தோலின் நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டவர்களால்தான் இந்தக் கருவி இந்த அளவுக்கேனும் திருந்தியிருக்கிறது.

கிணற்றங்கரையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பையன் வயதில் இளையவன், நான் ஆசிரியன். பிழை என்னிடம் இருந்தது. கேள்வி அவனிடம் இருந்தது. உங்கள் வகுப்பிலும் கணக்கும் கயிறும் ஒத்துப்போகாத ஒரு நாள் வரும். அன்று கயிற்றைப் பிடித்தவன்மேல் பழியைப் போடாமல், கணக்கில் நாம் எதை மறந்தோம் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.